கௌட்டொகெய்னோ
கௌட்டொகெய்னோ நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் மாவட்டத்தில் அமைந்துள்ள ஓர் ஊரக உள்ளாட்சிப் பிரிவு ஆகும். சுமார் 9,700 சதுர கிலோமீட்டர் பரப்பளவுடைய இது, பரப்பளவின்படி நோர்வேயின் மிகப்பெரிய உள்ளாட்சிப் பிரிவாகும். சைப்பிரசுத் தீவை விடப் பெரிதான இந்நிலப்பரப்பில் ஏறத்தாழ 2,900 பேர் மட்டுமே வாழ்கின்றனர். சாமி மொழியில் இது குவ்டகெய்ட்னு எனப்படுகிறது. 1987 ஆம் ஆண்டில் சாமிப் பெயரும் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

புவியியல்

இப்பகுதி பின்மார்க் மேட்டுநிலத்தில் கடலிலிருந்து விலகி அமைந்துள்ளது. தெற்கே பின்லாந்து, வடக்கே அல்ட்டா, கிழக்கே கரசியோக் ஆகியன எல்லைகளாக உள்ளன. குட்டையான பூர்ச்ச மரங்கள், சதுப்பு நிலங்கள், எண்ணற்ற ஏரிகள் ஆகியவற்றை இங்கு காணலாம். ஊரின் நடுவே பாயும் ஆறு வடக்கு நோக்கி ஓடி அல்ட்டா கடனீரேரியில் கலக்கிறது. ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே இருப்பதால் கோடையில் நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதில்லை. கடற்காற்றின் வெப்பம் எட்டாமையால் வெப்பநிலை சில நாட்களில் −40 பாகை செல்சியசு வரை தாழ்கிறது.

மக்கள்

சராசரியாக மூன்று சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் என்ற அளவிலேயே மக்கள் அடர்த்தி உள்ளது. பாதியளவினர் கௌட்டொகெய்னோ ஊரிலும், ஏனையோர் மாசே முதலிய சிற்றூர்களிலும் வசிக்கின்றனர். பெரும்பான்மையோர் சாமி இனத்தவர். வட சாமி மொழியே அன்றாட வழக்கு மொழி. 1989 இல் தொடங்கப்பட்ட சாமி உயர்கல்வி நிறுவனம் இம்மொழியிலேயே பாடங்களைக் கற்பிக்கிறது.

துருவ மான் வளர்ப்பு முக்கியத் தொழிலாகும். மேட்டுநிலத்தின் உலர்ந்த, மென்மையான பனியைத் தோண்டி லைக்கன்களை உண்ண முடிவதால் மான்கள் குளிர்காலத்தை இங்கு கழிக்கின்றன. இளவேனிலில் புல் மிகுந்த கடற்கரைக்கு ஓட்டிச் செல்லப்படுகின்றன. குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்தால் லைக்கன்கள் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். எனவே வெப்பநிலை உயர்வு இத்தொழிலுக்கு அச்சுறுத்தலாகும்.

வரலாறு

1751 ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கையால் இப்பகுதி நோர்வேக்கு உரியதாயிற்று. மந்தைகளுடன் எல்லை கடக்கும் உரிமை சாமி மக்களுக்கு அப்போது வழங்கப்பட்டது. எனினும் 1852 இல் பின்லாந்துடனான எல்லை மூடப்பட்டதால் மேய்ச்சல் வழிகள் தடைப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் இங்கு சாமியர் கிளர்ச்சி செய்தனர். வணிகர் ஒருவரும் காவல் அதிகாரி ஒருவரும் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியாளரான அசுலாக் கெட்டா, மோன்சு சொம்பி ஆகியோர் 1854 இல் தூக்கிலிடப்படாது, தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

அல்ட்டா நீர்மின் திட்டத்தின் முதல் வரைவின்படி மாசே சிற்றூர் நீரில் மூழ்கியிருக்கும். எதிர்ப்பினால் 1973 இல் அவ்வூர் காக்கப்பட்டது. திட்டம் சிறியதாக்கப்பட்ட பின்னரும் 1979 முதல் 1981 வரை பெரும் போராட்டங்கள் நிகழ்ந்தன. அணை 1987 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆயினும் இப்போராட்டமே சாமியரின் உரிமைகளை நாட்டின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 1989 இல் நோர்வேயின் சாமி நாடாளுமன்றம் அமைந்தது.