சுவர்க்கோழி கெட்ட பூச்சியா?



விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், எங்கிருந்தோ 'கிரீச்... கிரீச்...' என்று சத்தம் வரும். எழுந்து பக்கத்தில் போனால் நின்றுவிடும். திரும்பி வந்து படுத்தால், மறுபடியும் கச்சேரி! அதுதான் சுவர்க்கோழி.

பாலாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர் ஓரிக்கைக்கு, போன மழைக்காலத்தில் பேத்தி வந்திருந்தாள். சத்தத்தைக் கேட்டதும், "தாத்தா, அது கடிக்குமா? மருந்து அடிச்சுடலாமா?" என்றாள்.

"முதலில் பார்ப்போம், பிறகு தீர்ப்பு!" என்று டார்ச்சை எடுத்தேன். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் ஒரு பழுப்புப் பூச்சி. அதன் வால் பக்கம் ஊசி போல ஒன்று நீட்டிக் கொண்டிருந்தது. "ஐயோ, கொடுக்கு!" என்று அலறினாள்.

அது கொடுக்கு அல்ல. ஈர மண்ணில் முட்டையிட உதவும் குழாய். அப்படியானால் அது பெண் பூச்சி. பெண் பாடாது! ஆண்தான் பாடும். ஆக, பாடகர் வேறெங்கோ ஒளிந்திருந்தார்.

அவருக்குத் தொண்டை கிடையாது. முன் இறக்கை ஒன்றில் ரம்பம் போன்ற பற்கள் உண்டு. மற்ற இறக்கையின் ஓரத்தால் அதைத் தேய்க்கிறார். சீப்பின் பற்களில் நகத்தை இழுத்துப் பாருங்கள், புரியும். காது எங்கே தெரியுமா? முன்னங்காலில்!

வெயில் காலத்தில் வேகமாகவும், குளிரில் மெதுவாகவும் பாடும். சத்தத்தை எண்ணியே வெப்பநிலையைக் கணக்கிட, 1897-ல் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆமோஸ் டால்பேர் ஒரு சூத்திரம் எழுதினார்.

சரி, கெடுதல் உண்டா? சுவர்க்கோழிக்கு விஷம் இல்லை. கொசுவைப் போல நம் ரத்தத்தைக் குடித்துக் காய்ச்சலைப் பரப்புவதும் இல்லை. சிந்திய சோறு, காய்ந்த இலை, செத்த பூச்சி இவைதான் அதன் சாப்பாடு. பல்லிக்கும் தவளைக்கும் பறவைக்கும் அதுவே சாப்பாடு.

ஆனால், ஒரு குற்றம் உண்டு. துணியைக் கடிக்கும். வியர்வையோ உணவுக் கறையோ இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். சாம்பார் சிந்திய என் வேட்டியில், கறை இருந்த இடத்திலேயே ஓட்டை! வேட்டி போனால் போகட்டும். காஞ்சிபுரம் பக்கத்தில் பட்டு நெய்யும் வீடுகள் பல. பல நாள் உழைப்பில் உருவான சேலையில் ஓர் ஓட்டை விழுந்தால் எவ்வளவு நஷ்டம்!

வயலில் இதன் உறவினரான பிள்ளைப்பூச்சி, மண்ணைக் குடைந்து இளம் பயிரின் வேரைக் கடிக்கும். அங்கே விவசாயிக்குத் தொல்லைதான்.

அதற்காக வீட்டுக்குள் விஷ மருந்து அடிக்கலாமா? வேண்டாம். அது உணவிலும் பாத்திரத்திலும் படலாம். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. பதிலாக,

* அழுக்குத் துணியை மூலையில் குவிக்காதீர்கள்.

* பட்டுத் துணியைக் கறையில்லாமல், ஈரமில்லாமல் மூடி வையுங்கள்.

* சுவர் இடுக்குகளைச் சிமென்ட் பூசி அடைக்கச் சொல்லுங்கள்.

* சிந்திய உணவை இரவிலேயே பெருக்கிவிடுங்கள்.

வந்துவிட்டதா? ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விடுங்கள். பேத்தியும் அப்படித்தான் செய்தாள்.

'ஓர் இரவு இருக்கை' என்பதே ஓரிக்கை ஆனது என்பார்கள். "நம்ம ஊர்ல அதுவும் ஒரு ராத்திரி தங்கிட்டுப் போச்சு, தாத்தா!" என்றாள்.

இன்றிரவு நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள்!