குடியம் குகையும் நமது கடமையும்

புராதனச் சின்னம் என்றவுடன் கோபுரங்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மதிலும் வாயிலும் இல்லாத சின்னங்களும் உள. திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த அல்லிக்குழி மலைக்காட்டினுள் அமைந்த குடியம் குகை அத்தகையது. இந்தியத் தொல்லியல் துறையார் 1960-களில் இங்கு அகழ்ந்து, கற்காலக் கருவிகள் பலவற்றைக் கண்டனர். ஊரார் இன்றும் அங்கே அம்மனை வழிபடுகின்றனர்.

இந்நாட்டுக் கற்கால ஆராய்ச்சிக்கே இவ்வட்டாரம் தொட்டில் எனலாம். 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்திற் கற்கருவியொன்றைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் என்பார், அவ்வாண்டிலேயே வில்லியம் கிங் என்பாருடன் குடியத்திற்கு அணித்தாயுள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அவ்வூர்க் கருவிகளுட் பழையன ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டன என்று சாந்தி பப்பு முதலிய அறிஞர் 2011-இல் வெளியிட்டனர்.

இக்காலக் கணக்கு எங்ஙனம் கிடைத்தது? நிலத்தின்மேற் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு, அலுமினியம், பெரிலியம் என்பவற்றின் அரிய வகைகள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் அழிகின்றன. எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டுப் புதைந்த காலத்தைக் கணிக்கின்றனர். ஆகவே கல்லின் பெருமை கல்லில் மட்டுமன்று, அது கிடந்த மண்ணடுக்கிலும் உளது. இடம் பெயர்ந்த கல் வாய் பேசாது.

இங்குதான் சங்கடம் எழுகின்றது. காட்டை வனத்துறை காக்கின்றது. பழம்பொருள்களைப் பேணுதல் தொல்லியல் துறையின் பணி. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு காரியத்திற்குப் பயன்படுத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும். இதனாற் கல்லுடைப்போரும் கட்டடங்களும் எளிதில் உட்புக இயலாது. காடே குகைக்கு மதிலாகின்றது. ஆயினும், நன்னோக்குடன் மரம் நடத் தோண்டும் குழியும் மண்ணடுக்கைக் குலைக்கக்கூடும். பார்வையாளருக்கென அகலமான பாதை இடின், பாறையிற் பெயர் கிறுக்குவோரும் அப்பாதையிலேயே வருவர். ஆதலால் தொல்லிடங்களை வனத்துறையின் திட்டங்களிலேயே குறித்து வைத்து, குழி தோண்டுமுன் இரு துறையாரும் கலந்தாய்தல் இன்றியமையாதது. குகையைத் தெய்வத்தின் இருப்பிடமாகப் போற்றும் ஊராரும் இக்காவலிற் பங்குடையர்.

கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களில் ஆலைகள் பெருகியுள்ள இம்மாவட்டத்தில், மண்ணுக்கும் சரளைக்கும் என்றும் தேவை உண்டு. காட்டிற்கு வெளியேயுள்ள தொல்லிடங்களுக்கு மரங்களின் காவலும் இல்லை.

மாணவ நண்பர்களே, நாம் அங்குச் சுற்றுலாச் செல்லுங்கால், காலடியிற் கிடக்கும் கல்லைக் கையிலெடுத்துப் பையிலிட மனம் விழையும். கருவிகளைக் காண விரும்புவோர்க்குப் பூண்டியில் அரசின் அகழ்வைப்பகம் உண்டு. காட்டிற் கிடக்கும் கல்லை அவ்விடத்திலேயே விட்டு வருவோமாக.