அடுப்படிக்கு வந்த விருந்தாளிகள்

விருந்தாளி வந்தால் சந்தோஷம்தான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் சாதம் வடித்து எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்! இருபது வருஷத்துக்கு மேலாக என் அடுப்படிக்கு வருகிற விருந்தாளிகள் அப்படியல்ல. ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். காபி கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசுவார்கள். போகும்போது நமக்கு உபயோகமான எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

யார் என்கிறீர்களா? ரேடியோவில் பேட்டி கொடுக்க வருகிறவர்கள்தான்!

"அடுத்த வாரம் இதே நேரத்தில்..." என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தால் போதும், என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிடும். வரப்போவது யார்? டாக்டரா? கதை எழுதுகிறவரா? களிமண்ணில் பொம்மை செய்கிறவரா? காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். "ரேடியோவுக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இந்தப் பழக்கம் என் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதி ஆரம்பமானது. அடுத்த வருஷமே திருச்சியிலும் ஒரு நிலையம் வந்துவிட்டது. வரப்போகும் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே தெரிவிப்பதற்காக 'வானொலி' என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் அந்த நாளில் வந்துகொண்டிருந்தது. அதில் தனக்கு வேண்டிய பேச்சுகளைத் தாத்தா பென்சிலால் கோடிட்டு வைப்பாராம். 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தபோது தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்டு விதைத்த நெல் அல்லவா! பேச்சைக் கேட்டு வயிறு நிறையுமா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

எனக்குக் கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தபோது, தாத்தாவின் டிரான்ஸிஸ்டரும் சீரோடு சீராக வந்தது. என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "வேலைக்காரிக்குப் பாட்டு, சோம்பேறிக்குப் பேச்சு" என்பார். இருந்தாலும் மத்தியானத்தில் மகளிர் நிகழ்ச்சி ஆரம்பித்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அரிசியில் கல் பொறுக்குகிறாராம்!

2003-ஆம் வருஷம். என் மூத்தவனுக்கு ஒன்பது மாசம். அந்த வாரம் பேட்டிக்கு வந்தவர் ஒரு குழந்தை டாக்டர். பேதியைப் பற்றிப் பேச்சு. அறிவிப்பாளராக இருந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், பேதி ஆகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகும், வயிறு காய வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் என் மாமியார் சொல்வதும் அதேதான். நான் கேட்க நினைத்து, பயந்து, வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வி அது. டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. "பெரியவர்களுக்குக் குழந்தை மேல் இருக்கிற கவலைதான் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நாற்று வாடுகிறது என்றால் மடையை அடைப்பீர்களா, திறப்பீர்களா?" என்று கேட்டார். பிறகு உப்பு, சர்க்கரை அளவைச் சொன்னார். நான் காலண்டரில் எழுதிக்கொண்டேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பையனுக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. நாலு தடவை, அஞ்சு தடவை... வீட்டுக்காரர் ஊரில் இல்லை. விடிந்தால்தான் பஸ். "தண்ணி குடுக்காதேம்மா, இன்னும் போவும்" என்றார் மாமியார். எனக்கு அழுகை முட்டியது. எப்படியோ வாயைத் திறந்து, "அத்தை, அன்னிக்கு ரேடியோவில அந்த டாக்டர்..." என்று இழுத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நாத்துக்கு மடை தொறக்கணும்னாரே, அவரா?" என்றார். நான் தலையாட்டினேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்தவர் அவர்தான். விடிய விடிய நான் ஒரு கரண்டி, அவர் ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். காலையில் ஆஸ்பத்திரியில், "விடாமல் கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் குழந்தை தெம்பாக இருக்கிறான்" என்றார்கள். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு நான் என்ன பேசியிருந்தாலும் எடுபட்டிருக்காது. ரேடியோக்காரம்மா எனக்காகக் கேட்ட அந்த ஒரு கேள்விதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

இளம் தாய்மார்களுக்காக அந்த அளவை இங்கே சொல்லிவிடுகிறேன். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். அதில் தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. அளவு மாறக்கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே சிறந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்தது என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பழ வாசனை போட்ட இனிப்புப் பானம் வேறு, இது வேறு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறு மாசத்துக்கு உட்பட்ட சிசு என்றால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீருக்கும் ரேடியோவுக்கும் பழைய உறவு உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1971 வங்கதேச யுத்தத்தின்போது, எல்லையோரத்தில் உள்ள பன்காவ் என்ற ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கரைத்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. அதைத் தயாரிக்கும் முறையை வங்கதேசத்தவரின் ரகசிய வானொலி ஒன்று ஒலிபரப்பியது. 2022-ல் அவர் காலமானார். மறு வருஷம் நம் அரசாங்கம் பத்ம விபூஷண் அளித்தது.

'பெரிய டாக்டர்கள், கலைஞர்கள் எல்லாம் ரேடியோவுக்கு வருவார்கள். நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள்?' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காலம் மாறிவிட்டது, சகோதரிகளே! வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' என்ற சமுதாய வானொலி ஆரம்பமானது. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். இந்த மாதிரி நிலையங்கள் சுமார் 10, 15 கிலோமீட்டருக்குத்தான் கேட்கும். அதனால் என்ன? அக்கம்பக்கத்து ஜனங்கள் அக்கம்பக்கத்து ஜனங்களோடு பேச அது போதாதா!

தெலங்கானாவில் ஜஹீராபாத்துக்குப் பக்கத்தில் மாச்னூர் என்று ஒரு கிராமம். அங்கே 2008 அக்டோபர் 15-ஆம் தேதி 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. நடத்துகிறவர்கள் ஏழை தலித் குடும்பத்துப் பெண்கள். நரசம்மா என்ற ஒரே பெயரில் இரண்டு பேர் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார்கள். பேட்டி கொடுக்க வந்த பிரமுகர்கள் யார் தெரியுமா? கம்பு, கேழ்வரகு விதையை வருஷக்கணக்காகக் கட்டிக்காத்த கிழவிகள், கைவைத்தியம் தெரிந்த பாட்டிகள், ஏற்றப்பாட்டும் தாலாட்டும் தெரிந்தவர்கள்! நம் தமிழ்நாட்டில் பாம்பனில் 2016-ல் ஆரம்பமான 'கடல் ஓசை'யில் மீனவ ஜனங்களே பேசுகிறார்கள்.

இதையெல்லாம் அறிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் நிலையம் இல்லாவிட்டால் என்ன, எங்கள் மகளிர் குழு இருக்கிறதே! மாதாமாதம் சேமிப்புப் பணம் கட்டி முடிந்ததும், ஒரு விருந்தாளியைப் பேசச் சொல்வோம், செல்போனில் பதிவு செய்துகொள்வோம் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். முதல் விருந்தாளி யார் என்பதில்தான் தகராறு. கடைசியில், "உன் மாமியாரைத்தான் கூப்பிடேன், விதை நெல்லு விஷயத்துல அவங்களை மிஞ்ச யாரு?" என்றார்கள்.

அத்தைக்கு அப்போது எழுபத்தாறு வயது. நான் எடுத்த எடுப்பில், "விதை நெல்லை எப்படிச் சேமிக்கணும்?" என்று கேட்டேன். "என்னா, எல்லாரும் செய்யறதுதான்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒரே அவமானம். பிறகுதான் அந்த ரேடியோக்காரம்மா ஞாபகத்துக்கு வந்தார். அவர் பொதுவாகவா கேட்டார்? வீட்டில் நடப்பதை அல்லவா கேட்டார்!

"அத்தை, நெல்லு சரியாக் காஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மாற்றிக் கேட்டேன்.

"பல்லுல கடிச்சா டக்குனு ஒடையணும். மசியக் கூடாது" என்று ஆரம்பித்தார். விவசாய அதிகாரிகள் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள். அத்தைக்கு அது பல்லிலேயே தெரிந்திருக்கிறது! காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் கலந்து வைப்பது, மூட்டை தரையில் படாமல் பலகை போடுவது என்று சொல்லிக்கொண்டே போனார்.

"என்னிக்காவது தப்பிப் போனதுண்டா, அத்தை?"

அவர் கொஞ்சம் தயங்கினார். ஒரு வருஷம் விதை முளைக்கவே இல்லையாம். மாமனாருக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்று, காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து விதை வாங்கி, ராவோடு ராவாக மூட்டையை மாற்றி வைத்திருக்கிறார். கம்மல் ஏரியில் குளிக்கும்போது தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். அதற்காக வாங்கின திட்டு வேறு. அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது அந்தக் கம்மலைத்தான். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவர் பிள்ளைக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அதனால் அவரும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விருந்தாளி இருப்பார். கேட்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்: ஊர் உலகத்தைப் பற்றிக் கேட்காமல் அவர் கை செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். "ஆமாம், இல்லை" என்று பதில் வருகிற கேள்வி வேண்டாம். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அதற்குப் பிறகுதான் நிஜமான விஷயம் வரும். அவர் சம்மதிக்காமல் பதிவு செய்யாதீர்கள்.

ரேடியோவையும் விட்டுவிடாதீர்கள். இப்போது செல்போனிலேயே 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் வானொலி நிலையங்களைக் கேட்கலாம். நம் வாயில் வராத கேள்வியை அங்கே யாராவது கேட்டுவிடுவார்கள்.

அன்றைக்குப் பதிவை நிறுத்தியதும் அத்தை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, அடுத்த மாசம் யாரு வராங்க?" என்று கேட்டார்.

காலண்டரை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன்.