பட்டியிலேயே ஓட்டை!

சுவரில் ஓட்டை இருந்தா பெயின்டர் அண்ணன் பட்டி பார்த்து அடைச்சிடுவார். அந்தப் பட்டியிலேயே ஓட்டைன்னா?

கம்ப்யூட்டர் லேப் பார்ட்டிகளுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். யெஸ், நம்ம 'பட்டி' மென்பொருள்தான்! விண்டோஸில் உட்கார்ந்தபடியே எங்கேயோ இருக்கிற சர்வருக்குள் பத்திரமாக நுழைய, இங்கிலாந்துக்காரர் சைமன் டாத்தம் உருவாக்கிய இலவச சாஃப்ட்வேர்.

பாஸ்வேர்டுக்குப் பதில் 'கீ' வைத்து லாக்-இன் செய்கிறீர்களா? உங்க ரகசியக் கீ சர்வருக்குப் போகாது. அது போடும் டிஜிட்டல் கையெழுத்து மட்டும்தான் போகும். 'ஈசிடிஎஸ்ஏ' முறையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண் வேணும். 521 பிட் கீ என்றால் அந்த எண்ணும் 521 பிட். (அச்சுப்பிழை இல்லீங்க, 521தான்!)

விண்டோஸில் நம்பகமான ரேண்டம் எண் கிடைக்காத காலத்தில், 'ஷா-512' மூலம் எண் தயாரிக்கும் வழியை 'பட்டி' வைத்திருந்தது. சின்ன கீகளுக்கு அது கச்சிதம். 2017-ல் வந்த 0.68 பதிப்பில் 521 பிட் கீயும் சேர்ந்தது. ஷா தருவதோ 512 பிட். மிச்சம் 9 பிட்? எப்பவும் பூஜ்யம்!

'ஒன்பதுதானே'ன்னு அலட்சியமா? சுமார் 60 கையெழுத்து சிக்கினால் போதும், கணக்குப் போட்டே உங்க ரகசியக் கீயை எடுத்துடலாம். ஜெர்மனியின் போகும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபேபியன் பாய்மர், மார்கஸ் பிரிங்க்மான் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல, 2024 ஏப்ரலில் 0.81 பதிப்பு வந்தது. எண் தயாரிக்கும் வழியே மாறிடுச்சு.

அப்பாடான்னு அப்டேட் பண்ணிட்டுத் தூங்கப் போறீங்களா? அங்கதான் ட்விஸ்ட்! புது பதிப்பு இனிமேல் போடும் கையெழுத்தைத்தான் காப்பாற்றும். ஏற்கெனவே போட்டது போட்டதுதான். 'கிட்'டில் நீங்க கையெழுத்திட்டு ஊரறிய வைத்த புரோகிராம்கள் இன்னும் அங்கேயேதானே இருக்கு? சாவியின் அச்சு வெளியே போன பிறகு கதவுக்கு பாலிஷ் போட்டு என்ன பிரயோஜனம்?

அதனால, உங்க கீ 'நிஸ்ட்பி521' வகையா என்று இன்றே பாருங்க. பழைய பதிப்பில் அதைப் பயன்படுத்தியிருந்தால், எல்லா சர்வரிலிருந்தும் அதை நீக்குங்க. புது கீ போடுங்க. ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி, டார்டாய்ஸ்கிட் ஆகியவற்றின் பழைய பதிப்புகளுக்கும் இதே கதைதான். மற்ற வகைக் கீ வைத்திருப்பவர்களுக்கு இந்த ஓட்டையால் ஆபத்தில்லை.

பட்டி பார்த்தாச்சு பாஸ்... சாவியை மாத்தியாச்சா?