கம்ப்யூட்டர் கவுண்டரில் கள்ளக் கூட்டம்!

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கர்நாடகத்தில் வீடு, மனை வாங்கவோ விற்கவோ முனைந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பத்திரப் பதிவுக்காக மாநில அரசு அமைத்துள்ள ‘காவேரி 2.0’ என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு அந்த மாதத்தில் அடிக்கடி நின்று போயிற்று. சப்-ரிஜிஸ்திரார் அலுவலகங்களில் வேலை ஏறக்குறைய முடங்கியது.

பத்திரப் பதிவு என்றால் சாமானியமா? பாங்க் கடனுக்கு வழி செய்து, சாட்சிகளைத் திரட்டி, நல்ல நாள் பார்த்துச் செய்கிற காரியம். பெங்களூரில் வாழும் நம்மவர் குடும்பங்களில் பாகஸ்தர்களான அண்ணன் தம்பிகள் வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கையெழுத்திட வர வேண்டியிருக்கும். ஒரு நாள் பதிவு தவறினால் ரயில் செலவு, லீவு, வட்டி மூன்றும் நஷ்டம்.

முதலில் இயந்திரத்தின் சக்தி போதவில்லையோ என்று ஆராய்ந்தார்கள். பிறகுதான், யாரோ வேண்டுமென்றே சர்வரைத் திணற அடித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு மின் ஆளுமைத் துறை வந்தது. பிப்ரவரியில் பெங்களூர் சைபர் கிரைம் போலீசில் வழக்குப் பதிவாயிற்று.

பூட்டை உடைக்காத அக்கிரமம்

இவ்விதத் தாக்குதலுக்கு ‘டினையல் ஆஃப் சர்வீஸ்’ என்று பெயர். சேவை மறுப்புத் தாக்குதல் எனலாம். இதில் பூட்டு உடைவதில்லை. ஆவணம் களவு போவதில்லை. வாசலை அடைத்துக் கொண்டு நிற்பதுதான் வேலை.

ரயில்வே கவுண்டரை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எவருக்கும் டிக்கெட் எடுக்கும் எண்ணமே இல்லை. இல்லாத ஊர்களின் பெயரைச் சொல்லி, ‘வண்டி உண்டா, இடம் உண்டா?’ என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். குமாஸ்தா சும்மா இருக்கவில்லை. ஓயாமல் தேடிப் பதில் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறார். ஆனால் நூற்றியோராவது ஆளாக நிற்கும் உண்மைப் பயணியின் வண்டி போய்விடுகிறது!

காவேரியிலும் இதுவே நடந்தது. 2024 டிசம்பரில் வில்லங்கச் சான்று தேடும் பகுதியில் தாறுமாறான சொற்களைக் கொடுத்துத் தேட வைத்தார்கள். அர்த்தமில்லாத சொல்லானாலும் கம்ப்யூட்டர் பழைய பதிவுகளைப் புரட்டித்தானே பதில் சொல்ல வேண்டும்? ஜனவரியில் தேடுதல் வழக்கத்தைவிட எட்டு மடங்காயிற்று. இரண்டே மணி நேரத்தில் 6.2 லட்சம் போலிக் கோரிக்கைகள் குவிந்தன. அதாவது வினாடிக்குச் சராசரி 86. மனிதக் கையால் ஆகிற காரியமல்ல இது. 62 இ-மெயில் கணக்குகளும் 14 இன்டர்நெட் முகவரிகளும் இதற்குப் பயன்பட்டதாகத் தெரிய வந்தது.

நம் வீட்டுக் காமிராவும் கூட்டாளி

இந்த விஷமம் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கனடா நாட்டுச் சிறுவன் ஒருவன் ‘யாஹூ’ போன்ற பெரிய நிறுவனங்களையே சில மணி நேரம் முடக்கினான். அவனுக்கு அப்போது வயது 15. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை பலருக்குக் கிட்டாமல் போயின. அன்று தாக்குதலுக்குப் பயன்பட்டவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த காமிராக்கள் போன்ற சாதனங்கள்தாம்! கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால் அவை அன்னியர் கைக்குப் போய்விட்டன. உரிமையாளர்களுக்கோ அது தெரியவே தெரியாது.

தடுக்கும் வழிகள்

பெரிய சர்வர் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. கள்ளக் கூட்டமும் அதற்கேற்பப் பெருகும். உண்மை ஆளையும் போலியையும் பிரித்தறிவதே தற்காப்பின் சாரம்.

முன்பதிவு கவுண்டரில் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாரம் என்ற விதி உண்டு. அதே போல, ஒரே முகவரியிலிருந்து நிமிஷத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்று வரம்பு கட்டலாம். விசாரணை ஜன்னல் வேறு, டிக்கெட் ஜன்னல் வேறு என்பது போல், தேடும் வேலையையும் பதிவு வேலையையும் தனித்தனி சர்வர்களில் வைக்கலாம். ஒன்று திணறினாலும் மற்றது ஓடும். கோணல் எழுத்துக்களைப் படித்துக் காட்டச் சொல்வதும், டெலிபோனுக்கு ஓ.டி.பி. அனுப்புவதும் வந்திருப்பது மனிதனா என்று அறியத்தான். பல ஊர்களில் சர்வர்களை வைத்து, வரும் கூட்டத்தை அங்கேயே வடிகட்டி அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

ரயில்வேயும் இவற்றைக் கையாண்டிருக்கிறது. 2002-இல் இன்டர்நெட் டிக்கெட் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி.யில், தத்கால் திறக்கும் முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி தானியங்கி நிரல்களே என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் தெரிவித்தது. அவற்றின் நோக்கம் முடக்குவதல்ல, டிக்கெட்டைப் பறிப்பது. ஆனால் நியாயமான பயணிக்கு ஏமாற்றம் ஒன்றே. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தத்காலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று.

காவலே இடைஞ்சலாகலாமா?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. போலியைத் தடுக்கும் ஒவ்வொரு பூட்டும் நல்லவரையும் சிறிது தடுக்கிறது. ஆதாரில் பதிந்த பழைய நம்பர் இப்போது இல்லாதவர் உண்டு. கண் மங்கிய முதியவரால் கோணல் எழுத்தைப் படிக்க முடியுமா? ஒரு பிரௌசிங் சென்டரில் இருபது பேர் ஒரே இன்டர்நெட் முகவரியில் வேலை செய்கிறார்கள். ஒருவரைத் தடுத்தால் இருபது பேரும் தடைப்படுவர். உண்மையான ஜனங்களுக்குச் சேவை கிடைக்காமற் போனால், தாக்கியவனுக்கு அதுவும் வெற்றியே. எனவே எத்தனை காவல் போட்டாலும், மனிதர் உட்கார்ந்து பதில் சொல்லும் ஒரு ஜன்னல் ஒவ்வொரு அலுவலகத்திலும் திறந்திருப்பது அவசியம். பதிவு தடைப்பட்ட நாட்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முன்னுரிமை தருவதும் நியாயம்.

குற்றவாளிகளுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவாயிற்று. சிறு கம்பெனி நடத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. வீட்டுக் காமிரா, வைஃபை பெட்டி ஆகியவற்றின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். ஆதாரில் உள்ள டெலிபோன் நம்பர் கைவசம் உள்ளதுதானா என்று பாருங்கள். சர்வர் திணறும்போது பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதும் நெரிசலைக் கூட்டும். பத்திரப் பதிவைக் கெடுவின் கடைசி நாளுக்கு ஒத்திப் போடாமல், நாலு நாள் முன்னதாகவே வைத்துக் கொள்வது நல்லது.