முப்பது முகத்துக்கும் ஒரே விலை

காளப்பநாயக்கன்பட்டியில் கொல்லிமலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒரு டீயாவது குடிக்காமல் ஏறுவதில்லை. நானும் அக்கா மகனும் இரண்டாவது டீயில் இருந்தோம். எதிர்ச்சாரியில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. யாரோ ஒரு பையனுக்குப் பிறந்தநாள். கூலிங்கிளாஸ் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் காலடியில் மூன்று வரிசையாக நண்பர்கள். அக்கா மகன் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான், இதெல்லாம் பார்த்துச் சலித்தவன்தான். அன்றைக்கு என்னவோ நின்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏனுங்க மாமா, பொறந்தநாளு ஒருத்தனுக்குத்தானே? எதுக்கு முப்பது மூஞ்சி?"

விளம்பரப் பைத்தியம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நான் பள்ளிக்கூட விடுமுறைகளில் ஒரு போர்டு பெயின்டரிடம் பிரஷ் கழுவியவன். அதனால் இந்தக் கேள்விக்கு விடை மனிதனின் குணத்தில் இல்லை, கூலிக் கணக்கில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

கையால் எழுதிய காலத்தில் எழுத்து ஒரு விலை, முகம் ஒரு விலை. முகம் என்றால் கொடுத்த போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போட வேண்டும். அதே கட்டங்களைப் பெரிதாகத் துணியிலோ தகரத்திலோ போட்டு, கட்டம் கட்டமாகக் கண்ணையும் மூக்கையும் ஏற்ற வேண்டும். வண்ணம் காயக் காத்திருக்க வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு பகல் போய்விடும். மூக்கு கொஞ்சம் சரிந்தால் ஆளே மாறிவிடுவார். ஆகவே பெரிய முகம் சாமிக்கு, தலைவருக்கு, நடிகருக்கு. கொடுக்கிறவர்களுக்கு அது கட்டுபடியாகும். ஊர்க்காரனுக்குக் கிடைத்ததெல்லாம் கீழே 'இவண்' என்று போட்டு அதன் பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரும் மழைக்கு முதலில் கரையும்.

2000-க்குப் பிறகு சில வருஷங்களில் மெஷின் வந்தது. பாலியஸ்டர் நூல் வலைக்கு இரண்டு பக்கமும் பி.வி.சி. பூசிய சீட்டு, பத்தடிக்கு மேல் அகலமான சுருள். அதன் மேல் மைத்தலை இடமும் வலமும் ஓடிக்கொண்டே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலே மைகளைப் புள்ளி புள்ளியாகத் தெளிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் புள்ளி. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றால் சிரிக்கும். புது பிளெக்ஸைப் பிரித்தால் மூக்கில் ஏறும் நெடி, மையைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்தினுடையது.

இங்கேதான் விஷயம். அந்த மைத்தலைக்குத் தான் போடுவது மூக்கா, மேகமா என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஓடுகிறது. அதனால் கடைக்காரர் முகத்துக்குக் காசு கேட்பதில்லை, சதுர அடிக்குக் கேட்கிறார். பேச்சுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். பத்தடிக்கு எட்டடி, 80 சதுர அடி, 960 ரூபாய். ஒரு முகம் போட்டாலும் 960, முப்பது போட்டாலும் 960. காலி இடம் விட்டால் அதற்கும் சேர்த்துத்தான் காசு. நம் ஆட்கள் விடுவார்களா?

"அந்த 960-ஐ யாரு குடுத்தது? பசங்க ஆளுக்கு 32 ரூபா போட்டிருப்பாங்க. போட்டவன் மூஞ்சி வரலைன்னா அடுத்த வருஷம் போட மாட்டான். அது போட்டோ இல்ல கண்ணு, ரசீது."

அவன் சிரித்துவிட்டுத் தன் டீயை ஆற்றினான்.

விலை மாறியதும் யார் முகம் பெரிதாகலாம் என்பதும் மாறிவிட்டது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, பத்தாம் வகுப்பில் பாஸ், கபடியில் கோப்பை: இதுவரை வீட்டு ஆல்பத்துக்குள் இருந்தவை ரோட்டோரத்தில் வந்து நின்றுகொண்டன. ஒரு ஊருக்குள் நுழைந்து பத்து பிளெக்ஸ் படித்தால் போதும். அங்கே யாருக்கு யார் உறவு, எந்தக் கட்சி தழைக்கிறது, எந்த நடிகர் இறங்குமுகம் என்று சொல்லிவிடலாம்.

முகங்களை அடுக்கும் முறையில் புதுசு ஒன்றும் இல்லை. விழா நாயகன் பெரியவன், தலைவர்கள் மேலே வட்டத்துக்குள், மற்றவர்கள் கீழே. தர்மபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த இலக்கணம். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் பெரிதாக நிற்பான், அவன் மீட்ட மாடுகள் கால் பக்கத்தில் பொடியாக இருக்கும். எந்த அரசன் காலம், யார் மகன், எப்படிச் செத்தான் என்று பக்கத்தில் எழுத்து. சிற்பிக்கும் டிசைனருக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் வீட்டார் சொல்லியிருக்கக்கூடியது ஒன்றாகத்தான் இருக்கும்: எங்காளைப் பெருசாப் போடு.

டிசைனர்கள் பாடு தனி. போட்டோ வாட்ஸ்ஆப்பில் வரும். அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். மெஷினில் பெரிதாக்கினால் முகம் கருங்கல் பாவியதுபோலக் கட்டம் கட்டமாக உடையும். 'டாக்குமென்டா அனுப்புங்க' என்று அவர்கள் போனில் கத்துவது இதற்குத்தான். தமிழ் எழுத்திலும் ஒரு வம்பு உண்டு. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பயந்து இன்னும் பல கடைகளில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களிலேயே அடிக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒப்பாதது ஒன்று. டிசைனர் கேட்காமலே முகத்தை வெளுக்கிறார். வெயிலில் மரவள்ளி பிடுங்கியவரும், லாரி ஓட்டுகிறவரும், மலையில் மிளகு பறிக்கிறவரும் பிளெக்ஸில் ஒரே ரோஸ் நிறம். பெயின்டர்களும் தலைவர்களுக்கு ரோஸ் பூசியவர்கள்தான், அவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனாலும் அது அளவாக, நடிகர், தலைவரோடு நின்றது. இப்போது அந்த வெளுப்பும் சதுர அடிக் கணக்கில் எல்லார் மேலும் விழுகிறது. பிளெக்ஸில் அன்றாட வாழ்க்கை அப்படியே தெரிகிறது என்று யாராவது சொன்னால், இந்த ரோஸ் நிறத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

அவனிடம் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னது கண்ணீர் அஞ்சலி விஷயம். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சோளக்காடு, செம்மேடு. அந்த மலைக் கிராமங்களில் ஒரு மூத்த அம்மா தவறிப்போனால் வீட்டார் போட்டோவுக்கு அலைகிறார்கள். ஸ்டூடியோவுக்கு அவர் போனதே இல்லை. கடைசியில் கிடைப்பது ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோதான். கேமராவைப் பார்த்துப் பயந்த முகம், பின்னால் வெறும் சுவர். டிசைனர் சுவரைத் தூக்கிவிட்டு மலையும் மேகமும் வைக்கிறார், வேறு யாரோ கட்டிய பட்டுச்சேலையைக் கழுத்துக்குக் கீழே பொருத்துகிறார், நெற்றியில் பொட்டை நேராக்குகிறார். கணக்கெடுக்க அரசாங்கம் பிடித்த படம், பிள்ளைகள் கும்பிடும் படமாகிவிடுகிறது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை, பார்த்தவனை மயக்கிச் சிரிக்கும் என்று இந்த மலையைச் சுற்றி ஒரு கதை உண்டு. சிரிக்கவே தெரியாமல் படம் பிடித்துக்கொண்ட இந்த அம்மாக்கள்தான் எனக்கு அதைவிட நினைவில் நிற்கிறார்கள்.

"அப்ப பிளெக்ஸ் நல்லதுங்கறீங்களா?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண்ணின் மேல் ரோட்டு நடுவே வைத்திருந்த பேனர் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை விலக்கியது. படத்தில் இருப்பவர் உயிரோடு இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. பேனரின் சட்டகத்தை ஒழுங்காகக் கட்டாததும், நடுரோட்டில் நட்டதும்தான் ஆளைக் கொன்றன. இந்தச் சீட்டு மட்காது, எரித்தால் நச்சுப் புகை. காசு கொடுத்தவர்கள் மூன்று நாளில் மறந்துவிடுகிறார்கள்.

சீட்டு மட்டும் எங்கேயும் போவதில்லை. மிளகு காயப்போட, வைக்கோல்போரை மூட, மாட்டுக்கொட்டகைக்குச் சாரல் மறைக்க என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

"அதான் இங்கயும் தொங்குதா?" என்றான். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த தகரக் கூரைக்கு அடியில் வெக்கை இறங்காமல் இருக்க ஒரு பிளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அச்சடித்த பக்கம் கீழே. புகை படிந்து ரோஸெல்லாம் பழுப்பாகிவிட்டிருந்தது. நடுவில் பாவாடை தாவணியில் ஒரு பெண், சுற்றிலும் தாய்மாமன்மார்.

கிளாஸை எடுக்க வந்த கடைக்கார அம்மாவும் மேலே பார்த்தார்.

"எம்பொண்ணோட சீருங்க. அவளுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க. அந்த ஓரத்துல மீசை வெச்சிருக்கறது எங்கண்ணன். அவரு முப்பத்திரண்டு ரூபாகூடப் போடலைங்க, ஆனா மூஞ்சி மட்டும் பெருசா வெக்கச் சொன்னாரு."