உங்களுக்குத் தெரியுமா? குளத்துக்கு அடியில் இன்னொரு குளம்!

யாங்கூனின் பசுந்தாங், ஓதம் ஏறி இறங்கும் கழியோரத் தாழ்நிலம். யாங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். இத்தகைய மண்ணில் வினைல் விரிப்புப் போட்ட நீச்சல்குளம் கட்டினால், மேலேறும் நிலத்தடி நீர் விரிப்பின் அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். நீர் வடிந்தபின் விரிப்பு பழைய இடத்தில் சரியாகப் படியாது. மடிப்பு மடிப்பாக விழும்.

கண்டுபிடிப்பது எப்படி? குளத்தில் இறங்கி மடிப்பைப் பாதத்தால் மெல்ல அழுத்துங்கள். தண்ணீர்ப் படுக்கைபோல மெத்தென்று அமுங்கி, பக்கத்தில் புடைத்தால் அடியில் நீர் நிற்கிறது. தரை கெட்டியாக இருந்து மடிப்பு மட்டும் தெரிந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்: நீரில் அமிலத்தன்மையும் குளோரினும் மிகுந்தால் வினைல் நீரை உறிஞ்சி விரிந்துவிடும்.

அடியில் நிற்பது குளத்திலிருந்தே கசிந்த நீரா? ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, படிக்கட்டில் வைத்து, இரண்டின் மட்டத்தையும் குறித்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் ஓட்டை உண்டு.

மழைக்காலத்தில் மட்டும் குளத்தைக் காலி செய்துவிடாதீர்கள்! 1 மீட்டர் ஆழ நீர், சதுர மீட்டருக்கு 1 டன் எடையோடு விரிப்பை அழுத்திப் பிடித்திருக்கிறது. குளத்துக்கு வெளியே, அதன் அடித்தரையைவிட ஆழமாகக் குழி தோண்டி, முதலில் நிலத்தடி நீரைப் பம்ப் வைத்து இறைக்க வேண்டும்.